மீன் திரும்பாத ஆண்டு

மிச்சம், லண்டன்
21 ஏப்ரல் 2009

தம்பி மிதுலன்,

போனில் கதைத்தால் சண்டையில்தான் முடியும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் எழுதுகிறேன். நீ இருக்கிற கனடாக் காட்டுக்குள் போன் வேலை செய்யாதாம், கிழமைக்கு ஒருமுறை தபால் மட்டும் வருமாம். நல்ல வசதியான இடமாய்த்தான் பார்த்துப் பிடித்திருக்கிறாய்.

வன்னிச் சண்டையை நிறுத்தச் சொல்லி இன்றைக்கும் பாராளுமன்றச் சதுக்கத்தில் நின்றுவிட்டு இப்போதுதான் வந்து உட்கார்ந்தேன். கால் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது. பள்ளிக்கூடச் சமையலறையில் லீவு கேட்டுக் கேட்டு எனக்கு வெட்கமே போய்விட்டது. அத்தான் இரவு ஷிப்ட் முடித்த கையோடு நித்திரையும் கொள்ளாமல் நேரே அங்கே வந்துவிடுகிறார். டூட்டிங் கடைக்காரர்கள் சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு வந்து தருகிறார்கள். காவலுக்கு நின்ற ஒரு போலீஸ்காரப் பெட்டை என் கையிலிருந்த படத்தைப் பார்த்து, யார் என்று கேட்டாள். என் தங்கச்சி, வன்னியில் கணக்கு ரீச்சர் என்று சொன்னேன். வயது கேட்டாள். எனக்குச் சட்டென்று வரவில்லை. கூடப் பிறந்தவளின் வயதைக்கூட மறந்துபோய் நிற்கிறேன், பார்.

சுவர்ணா கடைசியாய்க் கதைத்தது ஈஸ்டருக்கு முந்தின கிழமை. யாரோ ஒருவரின் சற்றலைட் போனில், ஒரு நிமிடம் கிடைத்திருக்கும். "அக்கா, பள்ளிக்கூடப் பிள்ளையள் கொஞ்சப்பேர் என்னோடை நிக்கினம். விட்டிட்டு வர ஏலாது" என்றாள். பிறகு, "தம்பி என்ன செய்யிறான்?" என்று கேட்டாள். "அவன் அங்கை மீன் பாக்கிறான்" என்று சொன்னேன். சிரித்தாள், தம்பி. அந்த ஷெல் சத்தத்துக்குள்ளும் சிரித்தாள்.

மூன்று பேர் பிறந்தோம். அவள் பதுங்குகுழிக்குள், நான் தெருவில், நீ மீன்குஞ்சுக்குக் காவல். டிக்கெற் போட்டு வா. வந்து என் பக்கத்தில் நில். அதற்கு மேல் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அக்கா யசோதினி


பிரேசர் ஆற்றின் மேற்பகுதி,
பிரிட்டிஷ் கொலம்பியா
3 மே 2009

அன்பின் அக்காவுக்கு,

உங்கள் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. நான் இங்கே சும்மா மீன் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அதை மட்டும் விளங்கிக்கொள்ளுங்கள்.

ஊரில் சமன் ரின் என்று தகரப் பேணியில் வாங்குவோமே, அந்தச் சால்மன்தான் இது. இந்த ஓடையில் பொரித்து, ஏரியில் ஒரு வருடம் வளர்ந்து, சித்திரை வைகாசியில் விரல் நீளக் குஞ்சாக ஆற்றோடு பசிபிக் கடலுக்குப் போகும். இரண்டு வருடம் கடலில் திரிந்துவிட்டு, பொரித்த அதே ஓடைக்கு வந்து முட்டையிட்டுச் சாகும். இப்போது மரம் வெட்டிய மலைகளிலிருந்து சேறு இறங்கி, முட்டையிடுகிற பருக்கைக் கற்களை மூடுகிறது. கடலுக்குப் போகிற வழியெல்லாம் பண்ணை மீன் கூடுகள். அங்கிருந்து பேன் போல ஒரு பூச்சி குஞ்சுகளில் தொற்றுகிறது. நாங்கள் சேற்றை அள்ளுகிறோம், கரையில் நிழலுக்கு மரம் வைக்கிறோம், கடலுக்குப் போகிற குஞ்சுகளைப் பெட்டிப் பொறியில் மறித்து எண்ணிவிட்டுத் திரும்ப விடுகிறோம். பொறியை ஒருநாள் பார்க்காமல் விட்டால் உள்ளே நெரிபட்டு எல்லாம் செத்துப்போகும். இங்கே நானும் டோரீனும் மட்டும்தான். டோரீன் இந்த ஆற்றின் பூர்வகுடிப் பெண், எனக்கு மேலதிகாரி. "போறதெண்டால் போ, நான் தனியச் சமாளிக்கிறன்" என்று அவள் பாஷையில் சொல்கிறாள். ஆனால் அவளால் ஏலாது. எனக்குத் தெரியும்.

இதெல்லாம் வேலைக் காரணம். இன்னொன்றும் இருக்கிறது. கோபிக்காதீர்கள். அங்கே வந்து நின்று என்ன வரப்போகிறது அக்கா? நாங்கள் தெருவில் நின்றால் ஆமிக்காரன் ஷெல் அடிக்காமல் விடுவானா? உங்களைப் போல் நம்பிக்கொண்டு நிற்க எனக்கு வராது. நம்பாமல் வந்து நின்றால் அது நடிப்பு.

சின்னக்கா சிரித்தா என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். குஞ்சுகள் போய் முடிந்ததும் ஜூனில் வருவேன். அவ மறுபடி போன் எடுத்தால், நான் கேட்டதாய்ச் சொல்லுங்கள்.

மிதுலன்


மிச்சம்
24 மே 2009

மிதுலன்,

முடிந்துவிட்டது. உன் காட்டுக்கும் செய்தி வந்திருக்கும்.

சதுக்கத்தில் பெண்கள் தெருவில் விழுந்து புரண்டு அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. அந்தச் சற்றலைட் நம்பருக்கு அடித்துக்கொண்டே இருந்தேன். அப்படி ஒரு நம்பர் இல்லை என்று வருகிறது.

நின்று என்ன வரப்போகிறது என்று கேட்டிருந்தாய். ஒன்றும் வரவில்லை. நீ சொன்னதுதான் சரி. இப்போது சந்தோஷமா?

ஜூனில் வர வேண்டாம்.

யசோதினி


பிரேசர் ஆற்றின் மேற்பகுதி
29 ஆகஸ்ட் 2009

அன்பின் அக்காவுக்கு,

ஜூனில் எழுதினேன், ஜூலையில் எழுதினேன், இரண்டுக்கும் பதில் இல்லை. நீங்கள் கிழித்துப் போட்டிருந்தாலும் பரவாயில்லை, இதையாவது வாசியுங்கள். செஞ்சிலுவைச் சங்கத்துக்குச் சின்னக்காவின் விபரம் எல்லாம் அனுப்பியிருக்கிறேன். வவுனியா அகதி முகாம்களில் தேடுகிறோம் என்று மட்டும் பதில் போட்டார்கள். உங்களுக்கு ஏதாவது தெரிய வந்ததா? ஒரு வரி போதும்.

இங்கே மீன் வரவில்லை, அக்கா.

இந்த ஆண்டு பிரேசர் ஆற்றுக்கு ஒரு கோடிக்கு மேல் சிவப்புச் சால்மன் வரும் என்று கணக்குப் பார்த்திருந்தார்கள். அதில் ஏழில் ஒரு பங்குகூடத் தேறாது போலிருக்கிறது. எங்கள் ஓடைக்குக் குறுக்கே கம்புகளால் வேலி கட்டி, ஒரு சின்ன வாசல் விட்டிருக்கிறோம். வருகிற மீன் அந்த வாசலால்தான் மேலே போக வேண்டும். பக்கத்தில் பலகை போட்டு நானும் டோரீனும் மாறி மாறி உட்கார்ந்திருக்கிறோம். தண்ணீர்தான் போகிறது. இந்த வருடம் வரவேண்டியவை 2007 வசந்தத்தில் கடலுக்குப் போன குஞ்சுகள். நான் இங்கே வேலைக்கு வந்த முதல் பருவம். பொறியைத் திறந்து என் கையாலேயே அள்ளி விட்டேன். போங்கோ, போய் வாங்கோ என்று தமிழில் சொல்லிச் சொல்லி விட்டதைப் பார்த்து டோரீன் என்னைப் பைத்தியம் என்றாள்.

கடல் சூடு என்கிறார்கள், இரை இல்லை என்கிறார்கள், பண்ணைக் கூடுகளின் நோய் என்கிறார்கள். ஆளுக்கொரு கதை. எங்கே போய் எப்படிச் செத்தன என்று ஒருவருக்கும் தெரியாது. டோரீனின் ஊரில் மாரிக்கு மீன் புகைபோடுகிற கொட்டில்கள் வெறுமையாய்க் கிடக்கின்றன. முதலில் ஊர்ச்சனம் தினமும் வேலிக்கு வந்து, "வந்ததா?" என்று கேட்டார்கள். இப்போது ஓடைப் பக்கம் பார்க்காமலே போகிறார்கள். அதைத்தான் பார்க்கப் பொறுக்கவில்லை.

மே மாதம் நான் எழுதியது தப்பு. பக்கத்தில் நிற்கத்தானே கேட்டீர்கள்.

மிதுலன்


மிச்சம்
27 செப்டெம்பர் 2009

தம்பி,

உன் கடிதம் ஒன்றையும் கிழிக்கவில்லை. சமையலறை மேசையின் லாச்சிக்குள் இருக்கிறது. பதில் எழுத மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஒரு சேதி இருக்கிறது. சிவனேஸ்வரி மாமி வவுனியா முகாமிலிருந்து ஒருமாதிரி போன் எடுத்தா. கடைசி நாட்களில் சுவர்ணாவைக் கண்டவவாம். கடற்கரைப் பக்கம், ஒரு உழவு இயந்திரத்துக்குக் கீழே, காலில் சீலை சுற்றிக் கட்டியிருந்ததாம். பக்கத்தில் இரண்டு சின்னப் பெட்டைப் பிள்ளைகள். "வா பிள்ளை எண்டு கூப்பிட்டனான். பிள்ளையளுக்குத் தண்ணி எடுத்துக்கொண்டு வாறன், நீங்கள் போங்கோ எண்டாள்." அதற்குப் பிறகு மாமிக்குத் தெரியாது. மாமி அழுகிறா, நான் திரும்பத் திரும்ப எந்தக் கால், எந்தக் கால் என்று கேட்கிறேன். எந்தக் காலாய் இருந்தால் எனக்கென்ன, சொல்லு.

சுவர்ணாவுக்கு ஈமக்கிரியை செய்துவிடு என்று இப்போது இங்கே எல்லாரும் ஒரே பாட்டு. அத்தானின் பெரியம்மா, ஜெகதீஸ்வரி அன்ரி, வாரத்துக்கு மூன்று தரம் வருகிறா. "ஆத்துமா அந்தரிக்குதடி. ஒரு திதியைக் குறிச்சு அந்தியேட்டியைச் செய்து விடு. கூடப்பிறந்த பெடியன் இருக்கிறான்தானே, வரச்சொல்லிச் செய்வி." அத்தானும் மெல்ல அதே பக்கம் சாய்கிறார். நான் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அவருக்குப் பயம். சாப்பிடுகிறேன்தான். நேற்று டூட்டிங்கில் மீன் வாங்கப் போனேன். ஐஸில் சால்மன் வரிசையாய்க் கிடந்தது. எங்கேயிருந்து வந்தது என்று கேட்டேன். பண்ணை மீன் அக்கா, எப்பவும் கிடைக்கும் என்றான். வாங்காமல் வந்துவிட்டேன். உன்னால் எனக்கு மீனும் போச்சு.

உன்னிடம் ஒன்று கேட்கத்தான் எழுதத் தொடங்கினேன். நீதான் வராததுக்குக் காத்திருக்கிற வேலை பார்க்கிறவன். இனி வராது என்று நீங்கள் எப்போது சொல்லுவீர்கள்? எதை வைத்துச் சொல்லுவீர்கள்? நீ சொன்னால் நான் கேட்பேன்.

அக்கா


பிரேசர் ஆற்றின் மேற்பகுதி
14 ஒக்ரோபர் 2009

அன்பின் அக்காவுக்கு,

கடிதத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்கரையில் போய் இருந்துவிட்டேன். டோரீன் வந்து பார்த்துவிட்டு என் முறைக்கும் சேர்த்து அவளே காவல் இருந்தாள்.

நீங்கள் கேட்டதற்கு எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். வேலியைக் கடந்த மீன் எத்தனை என்று ஒவ்வொரு நாளும் எழுதிவைக்க வேண்டும். ஒன்றும் வராவிட்டால் சைபர். ஆனால் மழை பெய்து தண்ணீர் கலங்கி அடி தெரியாத நாளில் சைபர் போடக் கூடாது. ஒரு கோடு மட்டும் கீற வேண்டும். வந்ததோ வரவில்லையோ, எங்களால் பார்க்க முடியவில்லை என்பது அதற்குப் பொருள். நான் புதிதாய் வந்தபோது ஒரு கலங்கல் நாளில் சைபர் போட்டுவிட்டேன். டோரீன் என் மேல் பாய்ந்து விழுந்தாள். கண்ணால் காணாமல் இல்லை என்று எழுத நீ யார் என்று கேட்டாள். சைபர் போடுகிற உரிமை, உட்கார்ந்திருந்து பார்த்தவனுக்கு மட்டும்தான்.

மே மாதம் அந்தக் கடற்கரையில் பார்க்க யாரை விட்டார்கள்? வெளி ஆள் ஒருவரை உள்ளே விட்டார்களா? மாமிகூடத் திரும்பிப் பார்க்க முடியாமல் வந்தவ. சின்னக்காவுக்கு என்னால் சைபர் போட ஏலாது. அந்தியேட்டி செய்ய வரமாட்டேன். நீங்கள் கேட்பேன் என்று சொன்னீர்கள். கேளுங்கள்.

ஆறு உறையத் தொடங்கியதும் வேலியைக் கழற்றிவிடுவோம். அதற்கு மேல் இங்கே நிற்க முடியாது.

மிதுலன்


மிச்சம்
10 நவம்பர் 2009

மிதுலன்,

கோடு கீறுகிறாராம், கோடு. நல்லாய்க் கீறு. கீறிவிட்டு நீ நித்திரை கொள்ளுவாய். இங்கே போன் அடிக்கும்போதெல்லாம் நான் எழும்பி ஓடுகிறேன். போன கிழமை படியில் தடக்கி விழுந்து முழங்கால் வீங்கி, ஓடிப்போய் எடுத்தால் எவனோ ஜன்னல் விற்கிறான். அவனுக்கு நான் பேசின பேச்சை நீ கேட்டிருக்க வேண்டும்.

அத்தான் ஒரு செய்தி வாசித்துக் காட்டினார். உங்கள் நாட்டில் மீன் காணாமல் போனதை விசாரிக்க நீதிபதி தலைமையில் ஆணைக்குழு வைக்கிறார்களாம். உண்மையா? பிரதம மந்திரியே அறிவித்தாராம். உன் மீன்தானே, பிரேசர் ஆற்று மீன்? சாட்சிகளைக் கூப்பிட்டு, எங்கே போனது, யார் பொறுப்பு என்று கேட்பார்களாம்.

எனக்கு மீனில் ஒரு கோபமும் இல்லை, தம்பி. வாயில்லாத சீவன். அதற்காகக் கேட்க ஆள் இருப்பது நல்லதுதான். ஆனால் நாங்கள் எத்தனை கிழமை அந்தத் தெருவில் நின்றோம்! ஒரு ஆளை அனுப்பிப் பாருங்கோ, எங்கடை சனத்தை எண்ணுங்கோ என்றுதானே கத்தினோம்? அத்தான் வாசித்து முடித்ததும், சுவர்ணா மீனாய்ப் பிறந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அப்படி நினைத்ததற்கு என் வாயில் நானே அடித்துக்கொண்டேன். பிறகுதான் அழுதேன். மேயில் வராத அழுகை எல்லாம் வந்தது. அத்தான் பயந்துபோய்ப் பக்கத்து வீட்டைத் தட்டிவிட்டார்.

எனக்கு இனி ஏலாது. தை அமாவாசைக்கு அந்தியேட்டி செய்விக்கப் போகிறேன். நீ வராவிட்டால் அத்தானைக் கொண்டு செய்விப்பேன். உன் கோட்டை நீயே வைத்துக்கொள்.

யசோதினி


பிரேசர் ஆற்றின் மேற்பகுதி
22 நவம்பர் 2009

அன்பின் அக்காவுக்கு,

செய்தி உண்மைதான். ஆணைக்குழு என்று கேள்விப்பட்டதும் இங்கே எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். உங்கள் கடிதத்தை வாசித்த பிறகு அந்தக் கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

வேலியைக் கழற்றியாகிவிட்டது. அன்றைக்கு டோரீனின் ஊரில் சாப்பாடு வைத்தார்கள். வழக்கமாய் அந்தப் பருவத்து மீனைத் தின்று, முள்ளை ஆற்றிலேயே திரும்ப விடுவார்கள். இந்த வருடம் மீன் ஏது? போன வருடம் புகைபோட்டதில் மிச்சம் கிடந்ததை ஆளுக்கு ஒரு துண்டு பகிர்ந்து தின்றுவிட்டு, முள்ளைக் கொண்டுபோய் விட்டார்கள். மீன் இல்லாத வருடத்திலும் இது ஏன் என்று டோரீனிடம் கேட்டேன். "மீனுக்கு ஒண்டும் தெரியப் போறேல்லை. செய்யாட்டில் எங்களுக்குள்ளைதான் அடிபாடு வரும்" என்கிற மாதிரி ஏதோ சொல்லிச் சிரித்தாள். நானும் நீங்களும் அடிபட்டது போதும்.

நான் வருகிறேன். ஜனவரி பத்தாம் தேதி ஹீத்ரோவில் இறங்குவேன். ஐயர் சொல்கிறபடி எல்லாம் செய்கிறேன். மொட்டை அடிக்கச் சொன்னால் அடிக்கிறேன். சின்னக்கா போய்விட்டா என்று சொல்லத்தான் வேண்டும் என்றால், நீங்கள் தனியே சொல்ல வேண்டாம்.

இன்னொன்று. 2008 இல் போன குஞ்சுகள் வருகிற ஆண்டு திரும்ப வேண்டும். அவற்றுக்கு இன்னொரு வேலி கட்ட என் கைக்கு மனம் இல்லை. வேலையை விட்டுவிட்டு லண்டனிலேயே ஏதாவது பார்க்கலாம் என்று யோசிக்கிறேன். டோரீனுக்கு இன்னும் சொல்லவில்லை.

மிதுலன்


மிச்சம்
9 டிசம்பர் 2009

தம்பி மிதுலன்,

உன் கடிதம் கிடைத்த மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜெகதீஸ்வரி அன்ரியையும் கூட்டிக்கொண்டு வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போனேன், ஐயரிடம் நாள் கேட்க. அன்ரி வழி முழுக்க என்னென்ன சாமான் வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தா.

நல்ல சனம். அர்ச்சனை முடியட்டும், பிறகு கதைப்போம் என்று ஐயர் கை காட்டினார். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார், சொன்னாள். அவள் விலகினதும் அவர் என் பக்கம் திரும்பி, அதே வேகத்தில் "பெயர், நட்சத்திரம்?" என்றார். நான் ரிக்கற்றும் எடுக்கவில்லை, தட்டும் வாங்கவில்லை. வாய் தானாய்த் திறந்தது. "சுவர்ணா, அனுஷம்" என்று சொல்லிவிட்டேன்.

அன்ரி என் கையைக் கிள்ளினா. "என்னடி செய்யிறாய்? இல்லாத ஆளுக்கு அர்ச்சனை செய்யிறதே? பாவமடி!" நான் கோயில் என்றும் பார்க்கவில்லை. "ஆர் சொன்னது இல்லாத ஆள் எண்டு? நீங்கள் போய்ப் பாத்தனீங்களோ?" என்று கத்திவிட்டேன். சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஐயர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். உள்ளே திரும்பி, அவளின் பெயரை உரத்துச் சொன்னார். வேறொரு வாயிலிருந்து அந்தப் பெயரைக் கேட்டு எத்தனை மாதம்! இங்கே எல்லாரும் அவள், அந்தப் பிள்ளை, பாவம் அது என்றுதானே சொல்லுகிறார்கள். பெயரைச் சொன்னால் நான் உடைந்துவிடுவேன் என்று பயம். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன், உடையவில்லை.

நாள் கேட்காமலே வந்துவிட்டேன். அன்ரி பஸ்ஸில் முன் சீற்றில் தனியே போய் இருந்தா. அத்தானிடம் சொன்னேன், "சரி யசோ" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போட்டார்.

உனக்கு ஒளிக்க மாட்டேன், தம்பி. அவள் இல்லை. எனக்கு அது தெரியும். சிவனேஸ்வரி மாமி சொன்ன அன்றைக்கே என் வயிற்றுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் நான் திதி குறித்தால், எல்லாரும் அப்பாடா என்று இருந்துவிடுவார்கள். அவளை என்ன செய்தார்கள், எங்கே போட்டார்கள் என்று பிறகு ஒருவரும் கேட்கத் தேவையில்லை. செய்தவர்கள் வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். அதுவரைக்கும் என் வாயால் வராது.

வேலையை விடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். விட்டுப்பார், செருப்பால் அடிப்பேன். வருகிற ஆண்டு நீ போய் அந்த வேலியைக் கட்டத்தான் வேண்டும். வருகிறதோ இல்லையோ, பார்க்க அங்கே ஒரு ஆள் இருக்க வேண்டும். டோரீனைத் தனியே விடாதே.

இப்போது நீ வா. அந்தியேட்டிக்கு இல்லை, வெள்ளிக்கிழமை என்னோடு கோயிலுக்கு வா. எனக்கு ஐம்பத்திரண்டு வயது, சீனி வியாதி வேறு. நீ ஒருநாளும் யாரின் நட்சத்திரத்தையும் ஞாபகம் வைத்திருந்ததில்லை. எனக்குப் பிறகு அவளின் பெயரை அங்கே போய்ச் சொல்ல உலகத்தில் நீ ஒருவன்தான் இருப்பாய். அனுஷம், தம்பி. அனுஷம். பாடமாக்கிக்கொண்டு வா.

உன் அக்கா